முதியோர் இல்லத்துல இருக்குற அம்மாவைக் கூட்டிட்டு வந்துரலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கு 79 வயசு, சுகரும் முட்டி வலியும் இருக்கு, மதுரைக்கு வெளிய ஒரு முதியோர் இல்லத்துல விட்டு ஒன்றரை வருசம் ஆச்சு, நீங்க ஓசூர்ல வேலை, வீட்டுல ரெண்டு பிள்ளைக ஸ்கூலுக்குப் போகுது, உங்க மனைவியும் ஷிப்ட்டு. இப்ப ஊருக்குள்ள காய்ச்சல் அதிகமா இருக்குன்னு இல்லத்துல கேட்டைப் பூட்டிட்டாங்க, சொந்தக்காரங்களை உள்ள விட மாட்டேங்குறாங்க. வாட்ஸப்ல வேற "கொரோனா சாவுல பாதி நர்சிங் ஹோம்லதான்"னு ஒண்ணு சுத்துது, அதனால அம்மாவைக் கூட்டிட்டு வந்துரலாமான்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கேள்விக்கு அடியில இன்னொண்ணு கெடக்குற மாதிரி எனக்குப் பட்டுச்சு, அங்க கொண்டு போயி விட்டதே தப்போன்னு. அது உங்க குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியது, நான் அதுல தலையிடல. மொதக் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் டாக்டர் இல்ல, நர்ஸ். 31 வருசம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி சர்வீஸ், அதுல கடைசி ஒம்பது வருசம் தொற்றுத் தடுப்பு வேலை, அதாவது வார்டு வார்டாப் போயி கை கழுவுறாங்களா, ஊசியை எதுல போடுறாங்க, எந்தக் குப்பை எந்தக் கலர் பையில போகுதுன்னு பாத்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்குற வேலை. 2019ல ரிட்டயர்டாகி அப்பாடான்னு உக்காந்த கொஞ்ச மாசத்துலயே கொரோனா வந்துருச்சு. அப்பத்துல இருந்து ரெண்டு முதியோர் இல்லத்துக்கு வாரத்துல மூணு நாள் போயிட்டு வர்றேன். அதனால நான் சொல்றதுல பாதி படிச்சது, பாதி கண்ணால பாத்தது, எது எதுன்னு அங்கங்க சொல்லிடுறேன். உங்க அம்மாவை நான் பாத்ததில்ல, அதனால அவங்க மாத்திரை மருந்து பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

மொதல்ல அந்த வாட்ஸப் மேட்டர். நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா என்ன? டாக்டர் மாடியில குடியிருந்துக்கிட்டு கீழ பத்துப் பதினஞ்சு பெட்டு போட்டு பிரசவம் பாக்குற, குளுக்கோஸ் ஏத்துற சின்ன ஆஸ்பத்திரி. கே.கே.நகர், அண்ணாநகர் பக்கம் போனா ரோட்டுக்கு ரெண்டு இருக்கும். அமெரிக்காவுல கனடாவுல அதே பேரைச் சொன்னா, தானா எந்திரிச்சு நடக்க முடியாத வயசானவங்களை வருசக்கணக்குல வச்சுப் பாத்துக்குற இல்லம். செய்தியைத் தமிழாக்குனவரு பேரை அப்படியே விட்டுட்டாரு, அதைப் படிச்சுட்டு எங்க தெருவுல ஒரு அக்கா வழக்கமா காட்டுற டாக்டர்கிட்டயே போகாம ரெண்டு மாசம் பிபி மாத்திரை இல்லாம இருந்துச்சு. எண்ணு பொய்யில்ல, இடம்தான் மாறிப்போச்சு. 2020 மொத அலையில ஐரோப்பாவுல பல நாட்டுல இறந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேரு இந்த மாதிரி இல்லங்கள்ல இருந்தவங்கதான், கனடாவுல பத்துல எட்டு பேரு. கனடாவுல சில இல்லங்கள்ல ஆளில்லாம ராணுவத்தைக் கூப்பிட்டு வந்து வேலை பாக்க வச்சாங்க. ஆனா அந்த ஊர்ல வயசானவங்க நெறைய பேரு இல்லத்துல இருக்காங்க, நம்ம ஊர்ல வயசானவங்க பெரும்பாலும் மகன் மக வீட்டுலதான் இருக்காங்க. அதனால அங்க பாதின்னா இங்கயும் பாதின்னு அர்த்தமில்ல. இங்க வயசானவங்களுக்கு நோய் வந்தது பெரும்பாலும் அவங்கவங்க வீட்டுக்குள்ள வச்சுத்தான், வேலைக்குப் போயிட்டு வந்த பிள்ளைக மூலமாத்தான். உங்க கேள்விக்கு இது முக்கியம், பெறகு வர்றேன்.

இல்லத்துக்குள்ள வைரஸ் எப்படிப் போகுதுங்கறதுக்கு நல்லா விசாரிச்சு எழுதி வச்ச முதல் கேஸ் அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல கிர்க்லாண்டுங்கற ஊர்ல இருந்த ஒரு இல்லம். 2020 பிப்ரவரி கடைசியில கண்டுபிடிச்சாங்க. மார்ச் 18 வரைக்கும் அதோட தொடர்புல 167 பேருக்கு வந்திருந்துச்சு, அதுல 101 பேரு தங்கியிருந்தவங்க, 50 பேரு வேலையாளுங்க, 16 பேரு பாக்க வந்தவங்க. இந்த எண்ணை வச்சு யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு சொல்ல முடியாது, பாக்க வந்தவங்க கொண்டு வந்தாங்களா வாங்கிட்டுப் போனாங்களான்னு யாருக்குத் தெரியும். ஆனா விசாரிச்சவங்க காரணம்னு எழுதுனதைப் பாருங்க: உடம்பு சரியில்லாமலே வேலையாளுங்க வேலைக்கு வந்திருக்காங்க, ஒரே ஆளு ரெண்டு மூணு இல்லத்துல வேலை பாத்திருக்காங்க, கவசம் பத்தலை, போட்டுக் கழட்டத் தெரியலை, நோயைக் கண்டுபிடிக்க லேட்டாயிருச்சு. அதே வட்டாரத்துல இன்னொரு இல்லத்துல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, 76 பேர்ல 48 பேருக்கு இருந்துச்சு. அந்த 48ல 27 பேருக்கு டெஸ்ட் எடுத்த அன்னைக்கு ஒரு அறிகுறியும் கிடையாது, இருமல் இல்ல காய்ச்சல் இல்ல ஒண்ணுமில்ல. அந்த 27ல 24 பேருக்கு அடுத்தடுத்த நாள்ல அறிகுறி வந்துச்சு. அப்ப, இருமுறவங்களைப் பிரிச்சு வச்சாப் போதும்னு நாங்க நெனச்சதெல்லாம் எங்க போச்சு? இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா நான் போயிட்டிருந்த இல்லத்துல நான்தான் "இருமுனா மட்டும் சொல்லுங்க"ன்னு சொல்லி வச்சிருந்தேன்.

நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன். தமிழ்நாட்டுல கொரோனாவுல மொத மரணம் நம்ம மதுரை பெரியாஸ்பத்திரியிலதான், 2020 மார்ச் 25 விடியக்காலம். அதுல இருந்து ஊரே நடுங்கிக் கெடந்துச்சு, அழகர் ஆத்துல இறங்காம ரெண்டு வருசம் போச்சே, மறந்திருக்க மாட்டீங்க. அந்த மொத வருசம் நான் பாத்துக்கிட்ட இல்லத்துல யாருக்கும் வரல, எங்களுக்கும் கொஞ்சம் தெனாவட்டு ஏறிருச்சு. 2021 மே, ரெண்டாவது அலை. 34 பேரு தங்கியிருந்தாங்க. கேட்டை மூணு வாரம் முன்னாடியே பூட்டியாச்சு, மகன் மக யாரும் உள்ள கிடையாது, பால் பாக்கெட்டைக் கூட சோப்புத் தண்ணியில கழுவுனோம். அப்பறமும் வந்துச்சு, 13 பேருக்கு. நாலு பேரு போயிட்டாங்க.

எப்படி வந்துச்சுன்னு உக்காந்து தேதி போட்டுப் பாத்தேன். பகல்ல குளிப்பாட்டி விடுற பொண்ணு ஒண்ணு, ஷேர் ஆட்டோவுல வந்து போகும், ரெண்டு நாளா தொண்டை கரகரன்னு இருந்திருக்கு, சொல்லல. ஏன் சொல்லலன்னு பெறகு கேட்டேன். லீவு போட்டா 300 ரூபா புடிப்பாங்க, வீட்டுக்காரருக்கு லாக்டவுன்ல வேலை இல்ல, நான் என்னக்கா செய்யன்னுச்சு. அதோட ராத்திரி வேற ஒரு இல்லத்துல டூட்டி பாத்திருக்கு, அதுவும் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து பாட்டியைத் தூக்கி உக்கார வச்சு, முகம் துடைச்சு, சேலை கட்டி, ஊட்டி விடுறவ. ஆறடி தள்ளி நின்னு சேலை கட்டி விட முடியுமா? நிர்வாகம் அவளை வேலையை விட்டு நிறுத்துச்சு, எனக்கு அதுல சம்மதமே இல்ல, வாயைத் திறந்து அழுத்திச் சொல்லாம விட்டது என் தப்பு. அந்த 300 ரூபாயை மூணு நாளைக்குக் குடுத்திருந்தா 900 ரூபா. அம்புட்டுத்தான் கணக்கு.

இது என் அனுபவம் மட்டுமில்ல. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல 2020 மார்ச் கடைசியிலயே ஒரு ஆளு ஒரே இல்லத்துலதான் வேலை பாக்கணும்னு உத்தரவு போட்டு, அதனால கொறையுற சம்பளத்தை அரசாங்கமே ஈடு கட்டுச்சு. அந்த நாட்டுலயே மொத அலையில ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களை விட அங்க இல்லங்கள்ல சேதம் கம்மி. அது ஒண்ணு மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அங்க வேற ஏற்பாடும் இருந்துச்சு. ஆனா ஊருக்குள்ள நோய் எம்புட்டு இருக்கோ அம்புட்டு இல்லத்துக்குள்ளயும் வரும், அது வேலையாளு மூச்சுலதான் பெரும்பாலும் வரும், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

வந்தது ஏன் ஒருத்தரோட நிக்காம 13 பேருக்குப் போச்சு? இதைத்தான் யாரும் கேக்க மாட்டாங்க. எட்டு கட்டில் ஒரே ஹால்ல. கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம். நம்ம ஊர்ல சாயங்காலம் ஆறு மணியானா கொசு, கண்மாய்ப் பக்கம் வாய்க்காப் பக்கம்னா கேக்கவே வேணாம், அதனால வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லா ஜன்னலையும் சாத்திடுவாங்க. சாத்துனா மறுநாள் காலையில ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க. பன்னெண்டு மணி நேரம் எட்டுப் பேரு விட்ட மூச்சையே எட்டுப் பேரும் இழுக்குறாங்க. மேல ஃபேன் ஓடுதேன்னு கேப்பாங்க, ஃபேன் உள்ள இருக்குற காத்தைத்தான் கலக்கும், வெளிக்காத்தை உள்ள கொண்டாராது. ஆரம்பத்துல நாங்களும் எச்சித் தெறிப்புலதான் பரவும், தொட்டாப் பரவும்னுதான் சொல்லிக் குடுத்தோம், உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சுல காத்துல பரவாதுன்னு சொல்லிட்டு பெறகு மெல்ல மெல்ல மாத்திக்கிச்சு. மூடுன ரூம்ல காத்து வழியாவும் பரவுதுங்கறது இப்ப உறுதியான விசயம்.

என் அண்ணன் மகன் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கிக் குடுத்தான், கைக்கு அடக்கமா கடிகாரம் மாதிரி இருக்கும். வெளிய திறந்த வெளியில அது 420 பக்கம் காட்டும். ரூம்ல 800க்குள்ள இருக்கணும்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது, ஏன்னா அந்த எண்ணு ஏற ஏற அடுத்தவங்க விட்ட மூச்சை நாம இழுக்குறோம்னு அர்த்தம். அந்த ஹால்ல ராத்திரி பத்து மணிக்கு வச்சுப் பாத்தேன், 1900. ரெண்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு ராத்திரியும் திறந்து வச்சு, எதிர்ச் சுவத்துல பாத்ரூமுக்குப் போடுவோம்ல அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டுனோம், மறுநாள் 700 சொச்சம். சானிடைசருக்கு அந்த வருசம் செலவழிச்ச காசுல பத்துல ஒரு பங்கு ஆகல. இட நெருக்கடி விசயத்துல ஒன்டாரியோவுல 600க்கு மேல இல்லங்களைப் பாத்து ஒரு ஆய்வு பண்ணுனாங்க, ஒரு ரூமுக்கு ஆளுக அதிகமா இருந்த இல்லத்துல நோயும் ரெண்டு மடங்கு, சாவும் ரெண்டு மடங்கு. காசுக்காகக் கட்டில் கூட்டுற ஒவ்வொரு இல்லக்காரரும் இதைப் படிக்கணும்.

இப்ப கேட்டைப் பூட்டுறதுக்கு வருவோம். பூட்டுறது சுலபம், செலவில்ல, கண்ணுக்குத் தெரியும், நாலு பேரு பாத்தா ஏதோ பண்றாங்கன்னு தோணும். வாசல்ல ஒரு ஆளு துப்பாக்கி மாதிரி வெப்பமானியை நெத்தியில நீட்டுவாரு, கத்திரி வெயில்ல நடந்து வந்தவனுக்கு அது 101 காட்டும், ஏசி கார்ல வந்தவனுக்கு 94 காட்டும், ரெண்டும் தப்பு. 2020 ஏப்ரல்ல திருப்பூர்ல உழவர் சந்தைக்குள்ள போறவங்க மேல மருந்து தெளிக்கிற சுரங்கம் வச்சாங்களே, ஊர் ஊரா அதைப் பாத்து வச்சாங்க, அதே மாசமே ஆள் மேல தெளிக்காதீங்கன்னு மத்திய சுகாதாரத் துறை சொல்லிருச்சு. வாசல்ல நடக்குற வித்தையில பாதி இந்த ரகம்.

சொந்தக்காரங்களை விடாததுல நட்டமும் இருக்கு. நெதர்லாந்துல 2020 மார்ச் 20ல எல்லா இல்லத்தையும் பூட்டுனாங்க, மே மாசம் 26 இல்லங்களை மட்டும் பாதி திறந்து, ஒரு பெரியவருக்கு ஒரே ஒரு ஆளுன்னு குறிச்சு, கட்டுப்பாடோட உள்ள விட்டுப் பாத்தாங்க, அந்த மொத மூணு வாரத்துல அதனால புதுசா தொற்று வந்ததா ஒண்ணும் பதிவாகல. மூணு வாரம்தான், அந்த நேரம் அங்க ஊருக்குள்ளயும் நோய் எறங்கிட்டு இருந்துச்சு, அதனால அதை ரொம்ப இழுத்துப் பேசக் கூடாது. ஆனா நான் பாத்ததைச் சொல்றேன், எங்க இல்லத்துல ஞாயித்துக்கிழமை மக வந்து ஊட்டுனா மட்டும் முழுச் சோறு சாப்புடுற அப்பத்தா ஒண்ணு, பூட்டுன ரெண்டு மாசத்துல ஆறு கிலோ எறங்கிப் போச்சு. அதுக்குக் கொரோனா வரவே இல்ல. மறதி நோய் இருக்குறவங்களுக்கு மகன் முகம் ரெண்டு மாசம் தெரியலன்னா அப்பறம் தெரியாமலே போயிருது, வீடியோ கால்ல காட்டுனா டிவின்னு நெனைக்கிறாங்க. அதனால ஊருக்குள்ள உச்சத்துல இருக்குற ரெண்டு மூணு வாரம் பூட்டுறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மாசக்கணக்குல பூட்டி வச்சுட்டு, வேலையாளு மட்டும் மூணு ஷேர் ஆட்டோ மாறி வர்றதைக் கண்டுக்கலன்னா, அது சும்மா பேருக்கு.

இன்னொரு வாசல் இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றவங்க. இங்கிலாந்துல 2020 மார்ச் 17ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் கிட்டத்தட்ட 25,000 பேரை ஆஸ்பத்திரியில இருந்து இல்லங்களுக்கு அனுப்பிட்டாங்க, பெட்டு காலியாகணுமேன்னு, நெறைய பேருக்கு டெஸ்ட்டே எடுக்கல. அப்பாவை இல்லத்துல பறிகுடுத்த ரெண்டு பேரு கேஸ் போட்டாங்க, 2022 ஏப்ரல்ல அங்க ஹைகோர்ட்டு அது சட்டத்துக்குப் புறம்பானதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அறிகுறி இல்லாமலும் பரவலாம்ங்கறதை அரசு கணக்குல எடுக்கலங்கறதுதான் காரணம். அதனாலதான் அங்க அம்புட்டுப் பேரு செத்தாங்களா, இல்ல வேலையாளு மூலமா வந்தது அதை விடப் பெருசாங்கறதுல அங்க நிபுணருக்குள்ளயே சண்டை தீரல. நமக்கு அதுல எடுத்துக்க வேண்டியது, ஆஸ்பத்திரியில இருந்து திரும்புறவங்களை கொஞ்ச நாள் தனி ரூம்ல வைக்கிற வசதி அந்த இல்லத்துல இருக்கான்னு கேக்குறது.

வயசானவங்களுக்கு நோய் வந்தா எப்படித் தெரியும்ங்கறதுல நம்ம ஆளுக அதிகமா ஏமாறுவாங்க. 80 வயசுல உடம்பு சூடு சாதாரணமாவே கம்மியா இருக்கும். உங்களுக்கு 102 அடிக்கிற நோய்க்கு உங்க அம்மாவுக்கு 99 மட்டும் காட்டலாம், அதனால காய்ச்சலே இல்லம்பாங்க. வழக்கமா 97 இருக்குறவங்களுக்கு 99ன்னா ரெண்டு டிகிரி ஏறியிருக்கு, அது காய்ச்சல்தான், 100 தாண்டணும்னு காத்திருக்கக் கூடாது. பல பேருக்கு மொத அறிகுறியே சாப்பாடு வேணாங்கறது, திடீர்னு சம்பந்தமில்லாமப் பேசுறது, பகல் முழுக்கத் தூங்குறது, பாத்ரூம் போறப்ப விழுறது. எங்க இல்லத்துல ஒருத்தர் செத்துப் போன அண்ணனைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பிச்சாரு, வயசாயிருச்சுன்னு விட்டுட்டாங்க, விரல்ல மெஷினை மாட்டிப் பாத்தா ஆக்சிஜன் 84. மூச்சு வாங்கல, சிரிச்சுக்கிட்டுப் பேசுறாரு. அந்த மெஷினும் முழுசா நம்புற சாமான் இல்ல, விரல் ஜில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ தப்பாக் காட்டும், கறுத்த தோலுக்கு உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்னு 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வும் சொல்லுச்சு. நம்ம தோலுக்கு 95 காட்டுனா 93ஆ இருக்கலாம். அதனால ஒரு நாள் எண்ணை விட தினம் எழுதி வச்ச எண்ணு எறங்குதாங்கறதுதான் முக்கியம். 94க்குக் கீழ வந்தா டாக்டருக்குப் போன் போடணும், 90க்குக் கீழன்னா போன்ல பேசிக்கிட்டு நிக்காம வண்டி ஏத்தணும், 108ஐக் கூப்பிடணும். பழைய நுரையீரல் நோய் இருக்குறவங்களுக்கு இந்த எண்ணு வேற, அதை அவங்க டாக்டர்தான் சொல்லணும்.

தடுப்பூசி பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். தமிழ்நாட்டுல 2021 ஜனவரி 16ல ஊசி போட ஆரம்பிச்சதே மதுரை பெரியாஸ்பத்திரியிலதான், ஆனா 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மார்ச் 1 தான் ஆரம்பிச்சாங்க, மே மாசம் அலை அடிச்சப்ப எங்க பாட்டிக பாதிப் பேரு ஒத்த ஊசியோட நின்னாங்க, மீதிப் பேருக்கு அதுவும் இல்ல. கை காலு வரல, வெளிய கூட்டிட்டுப் போக ஆளில்ல, காய்ச்சல் வருமேன்னு மகன் வேணாம்னுட்டாரு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம். ஹாங்காங்ல 2003ல வந்த சார்ஸ்ங்கற தொற்று நோயில அடி வாங்குனதுக்குப் பெறகு ஒவ்வொரு இல்லத்துலயும் தொற்றுத் தடுப்புக்குன்னு ஒரு ஆளைப் போடச் சொல்லி வச்சிருந்தாங்க, 2020ல அதனால நல்லாத் தப்பிச்சாங்க, உலகமே புகழ்ந்துச்சு. 2022 தொடக்கத்துல ஓமிக்ரான் வந்தப்ப அங்க 80 வயசு தாண்டுனவங்க பெரும்பாலும் ரெண்டு ஊசி போடாம இருந்தாங்க, நல்லா நடத்துன அதே இல்லங்கள்ல வரிசையாப் போனாங்க. ஊசி பரவுறதை முழுசா நிறுத்தாது, ஆனா சாவைக் கொறைக்கும்ங்கறது சந்தேகமில்லாத விசயம். இத்தனை வருசம் கழிச்சு இன்னொரு டோஸ் வேணுமா, எதை, எப்பங்கறது ஆளுக்கு ஆளு மாறும், ஃப்ளூ ஊசி நிமோனியா ஊசி பத்தியும் சேத்து அம்மாவைப் பாக்குற டாக்டர்கிட்ட கேளுங்க.

சரி, கூட்டிட்டு வரலாமா? நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா, உங்க ஓசூர் வீட்டுல ரெண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம், தினம் ஸ்கூல் பஸ்ஸுல போயிட்டு வர்ற ரெண்டு பிள்ளைக, ரெண்டு பேரும் ஷிப்ட்டு. காய்ச்சல் சீசன்ல ஸ்கூல் பிள்ளை இருக்குற வீடுங்கறது வைரஸுக்கு மாமியார் வீடு மாதிரி, எப்ப வேணா வந்து தங்கும். பகல்ல அம்மா தனியா இருப்பாங்க, முட்டி வலியோட பாத்ரூம்ல வழுக்குனா தூக்க ஆளில்ல. 79 வயசுல இடுப்பெலும்பு உடைஞ்சா அது கொரோனாவுக்குக் கொறைஞ்ச ஆபத்து இல்ல. அம்மாவுக்குன்னு ஜன்னல் வச்ச ஒரு ரூம், பகல் முழுக்க ஒரு ஆளு, இருமுற பிள்ளையை நாலு நாள் பாட்டிகிட்ட விடாத கட்டுப்பாடு, இந்த மூணும் முடியும்னா கூட்டிட்டு வாங்க. முடியாதுன்னா வீடுங்கற பேருக்காகக் கூட்டிட்டு வராதீங்க. பயத்துல கூட்டிட்டு வந்து, மூணு மாசத்துல முடியாம வேற இல்லத்துல கொண்டு போயி விட்டவங்களைப் பாத்திருக்கேன், அந்தப் பாட்டிக ரெண்டு தடவை வேரோட புடுங்கி நட்ட செடி மாதிரி ஆயிருவாங்க. எனக்கு வீட்டைப் பத்தின இந்த எண்ணம் உறுதியா இருக்கு, ஆனா எந்த ஆய்வும் உங்க ரெண்டு பெட்ரூமையும் அந்த இல்லத்தையும் எடை போட்டுச் சொல்லாது, இதுல நான் சொல்றது அனுபவத்துல வந்த யோசனைதான்.

முடிவெடுக்கறதுக்கு முன்னாடி அந்த இல்லத்துக்குப் போன் போடுங்க. சானிடைசர் இருக்கா, வெப்பமானி இருக்கான்னு கேக்காதீங்க, எல்லாம் இருக்கும்பாங்க. வேலை பாக்குறவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு உண்டா, அதைக் கேளுங்க. மொதல்ல கொஞ்சம் முழிப்பாங்க, அந்த முழியிலயே உங்களுக்குப் பாதி பதில் கிடைச்சுரும். அவங்க வேற எடத்துலயும் வேலை பாக்குறாங்களா, அம்மா படுக்குற ரூம்ல எத்தனை கட்டில், ஆக்சிஜன் எண்ணை நோட்டுல தினம் எழுதுறாங்களா, எழுதுனா நேத்து எண்ணு என்ன, ஒருத்தருக்கு வந்தா தனியா வைக்க பாத்ரூமோட ரூம் இருக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா கூட யாரு போவா. கோவமாக் கேக்காதீங்க, போனை எடுக்குற அந்தப் பிள்ளையும் சம்பளத்துக்கு வேலை பாக்குறதுதான். ஒண்ணுக்குமே பதில் சொல்லாம மழுப்புனா, வேற இல்லம் தேடுறது நல்லது. பதிவு பண்ணுன இல்லமா என்னான்னு கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேக்கலாம், பெரியவங்களுக்குன்னே 14567னு ஒரு ஹெல்ப்லைன் நம்பரும் இருக்கு.

அப்பறம், கேட்டுக்கு உள்ள விடாட்டியும் வெளிய மரத்தடியில பாக்க விடச் சொல்லுங்க. திறந்த வெளியில, ரெண்டு பேரும் மாஸ்க் போட்டு, அரை மணி நேரம் பேசுறதுல ஆபத்து ரொம்பக் கம்மி. நீங்க பஸ்ல வர்ற அன்னைக்கு சளி இருமல் இருந்தா மட்டும் பயணத்தைத் தள்ளிப் போடுங்க. போறப்ப காலையில போகாம சாயங்காலம் ஏழு மணி வாக்குல போயி, எந்த ஜன்னல் திறந்திருக்கு, வலை அடிச்சிருக்கான்னு வெளிய நின்னே பாத்துட்டு வந்துருங்க. வலை இல்லன்னா, சண்டை போடாம, அம்மா ரூமுக்கு நானே அடிச்சுத் தர்றேன்னு சொல்லுங்க. எங்க இல்லத்துல மொத ஜன்னல் அப்படித்தான் வந்துச்சு, தேனிக்காரர் ஒருத்தர் அவங்க அம்மா கட்டிலுக்காக அடிச்சுக் குடுத்தாரு, எட்டுப் பேருக்கும் காத்து வந்துச்சு.

கடைசியா கபசுரக் குடிநீர் அனுப்பலாமான்னு கேட்டிருந்தீங்க. 2020ல எங்க இல்லத்துலயும் குடுத்தோம், பாட்டிக கசப்புன்னு மூஞ்சியைச் சுழிச்சுக்கிட்டே குடிச்சாங்க. குடிச்சதால 2021ல வராம இருக்கல, அதையும் பாத்தேன். அம்மா சுகர் மாத்திரை எடுக்குறாங்க, அதனால அந்த மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க.